பரானா ஆறும் பதினான்காயிரம் மெகாவாட்டும்



பிரேசிலுக்கும் பராகுவே நாட்டுக்கும் எல்லையாக ஓடும் பரானா ஆற்றில் இட்டைப்பு என்றோர் அணை இருக்கிறது. அதன் நீர்மின் நிலையத்தில் ஒவ்வொன்றும் 700 மெகாவாட் திறனுள்ள 20 எந்திரங்கள் உள்ளன. கூட்டினால் 14,000 மெகாவாட். பல ஆண்டுகள் அதுவே உலகின் மிகப் பெரிய மின் நிலையம். பிறகு சீனாவின் யாங்சி ஆற்றில் 22,500 மெகாவாட்டில் மூன்று பள்ளத்தாக்கு அணை எழுந்து அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டது. செய்தித்தாள்களும் பாடநூல்களும் இந்த வரிசையை எழுதிவிட்டு அத்துடன் நின்றுவிடுகின்றன. ஒரு நீர்மின் நிலையத்தின் திறனைச் சொல்ல இந்த ஒற்றை எண் போதாது என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம். அணையின் சுவரில் பொறித்துவைக்கும் மெகாவாட் எந்திரத்தைப் பற்றிய செய்தி. அந்த எந்திரத்துக்கு வரும் தண்ணீர், மேலே அதைத் தேக்கிவைக்கும் இடம், கீழே உள்ளவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை, மின்சாரத்தை எடுத்துச்செல்லும் கம்பி ஆகியவை சேர்ந்தே நிலையத்தின் உண்மையான திறனைத் தீர்மானிக்கின்றன. பெரிய அணை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சமூகம் முடிவெடுக்கும்போது முதல் எண் மட்டும் கையில் இருந்தால், அந்த முடிவு பாதிக் கணக்கின் மேல் எடுத்த முடிவாகிவிடும். இட்டைப்பின் ஐம்பதாண்டு வரலாறு இதற்கு வலுவான சான்றுகளைத் தருகிறது.

கணக்கு எளியது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது: இந்த இரண்டைப் பெருக்கினால் மின்திறன் கிடைத்துவிடும். இட்டைப்பில் நீர் விழும் உயரம் சுமார் 118 மீட்டர். வினாடிக்கு ஒரு கனமீட்டர் நீர் அந்த உயரத்திலிருந்து இறங்கினால், எந்திரத்தின் இழப்பு போக, ஒரு மெகாவாட்டைச் சற்றே தாண்டும். ஆகவே ஓர் எந்திரம் 700 மெகாவாட் தர வேண்டுமானால் அதற்கு வினாடிக்கு ஏறத்தாழ 650 கனமீட்டர் வேண்டும். நமக்குப் பழகிய கணக்கில் அது கிட்டத்தட்ட 23,000 கனஅடி. ஒரே ஓர் எந்திரத்துக்கு இவ்வளவு. பத்தரை மீட்டர் விட்டமுள்ள ஒரு பிரம்மாண்டக் குழாய் வழியே அந்த நீர் இறங்கி, டர்பைனின் வளைந்த இறக்கைகளில் மோதி, தன் வேகத்தை அங்கே விட்டுவிட்டு ஆற்றுக்குத் திரும்புகிறது. டர்பைனோடு ஒரே அச்சில் பூட்டிய ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 90 சுற்றுக்குச் சற்று மேல் சுழல்கிறது. வீட்டு மின்விசிறியைவிட மெதுவான வேகம் இது. காந்தமுனைகள் ஏராளமாக இருப்பதால் அந்த வேகமே போதும். இருபது எந்திரங்களும் முழு மூச்சில் ஓட வேண்டுமென்றால் வினாடிக்கு 13,000 கனமீட்டர் நீர் இடைவிடாமல் வர வேண்டும். அந்த இடத்தில் பரானாவின் ஆண்டுச் சராசரி ஓட்டமோ 11,000 கனமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே, பொறித்த எண்ணுக்கும் வரும் நீருக்கும் உள்ள உறவு தெரிந்துவிடும்.

இனி ஒப்பிட்டுப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டில் இட்டைப்பு 10,310 கோடி யூனிட் மின்சாரம் தயாரித்தது. அதே ஆண்டில் மூன்று பள்ளத்தாக்கு அணை தயாரித்தது சுமார் 9,350 கோடி யூனிட். எந்திர பலத்தில் 8,500 மெகாவாட் குறைந்த நிலையம், பெரிய நிலையத்தை முந்தியது. இட்டைப்பின் எந்திரங்கள் ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மின்சாரத்தில் 84 விழுக்காடு அந்த ஆண்டு உண்மையாகவே கிடைத்தது. மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு வாய்த்த மிகச் சிறந்த ஆண்டு 2020. வெள்ளம் பெருகிய அந்த ஆண்டில் அது 11,180 கோடி யூனிட் தயாரித்து உலகச் சாதனை படைத்தது. அப்போதும் அதன் விகிதம் 57 விழுக்காட்டை எட்டவில்லை. சீனப் பொறியாளர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. யாங்சி கோடைப் பருவமழையில் பெருக்கெடுத்துக் குளிர்காலத்தில் மெலியும் ஆறு. பெருக்கின்போது வரும் நீரில் இயன்றதைப் பிடிக்க நிறைய எந்திரம் வைத்தார்கள். மெலிந்த மாதங்களில் அவற்றில் பல சும்மா நிற்கின்றன. பரானாவில் மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே அத்தனை வேறுபாடு இல்லை. அங்கே குறைவான எந்திரங்களே ஆண்டின் பெரும்பகுதி ஓடிக்கொண்டிருக்கின்றன.

பரானா அப்படிச் சீராக ஓடுவது முழுக்க இயற்கையின் கொடை என்று நினைத்துவிடக் கூடாது. இட்டைப்பின் நீர்த்தேக்கம் 170 கிலோமீட்டர் நீளம், 1,350 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2,900 கோடி கனமீட்டர், அதாவது ஆயிரம் டி.எம்.சி.யைத் தாண்டிய நீர் அதில் நிற்கிறது. மேட்டூர் அணையைப்போல் ஏறத்தாழ பதினொரு மடங்கு. கேட்கும்போது கடலாகத் தோன்றும். ஆனால் பரானாவின் ஓட்டத்தோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு மாதத்து நீர்தான். அதிலும் பயன்படுத்தக்கூடியது மிகக் கொஞ்சம், ஏனெனில் மட்டம் இறங்கினால் நீர் விழும் உயரம் குறையும், உயரம் குறைந்தால் மின்சாரமும் குறையும். ஒரு மீட்டர் மட்டத்தை இறக்கினால் கிடைக்கும் நீர் ஒன்றரை நாள் ஓட்டத்துக்குக்கூடப் போதாது. அதனால் இட்டைப்பு கிட்டத்தட்ட வரும் நீரை வந்தபடியே பயன்படுத்தும் நிலையமாகத்தான் இயங்குகிறது. அதன் உண்மையான சேமிப்பு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், பிரேசிலின் நடுவிலுள்ள மேட்டு நிலங்களில் இருக்கிறது. கிராண்டி ஆற்றில் 1963இல் இயங்கத் தொடங்கிய ஃபூர்னாஸ், பரனைபா ஆற்றின் இட்டும்பியாரா, எம்போர்க்காசாவ், பரானாவிலேயே மேலே உள்ள இல்யா சோல்டெய்ரா முதலிய பல தேக்கங்கள் மழைக்கால நீரைப் பிடித்துவைத்து வறண்ட மாதங்களில் விடுகின்றன. இட்டைப்புக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி 8,20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். அங்கே எங்கே மழை பெய்கிறது, எந்த அணையில் யார் எப்போது மதகைத் திறக்கிறார், எவ்வளவு நீர் பாசனத்துக்குப் போகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் இட்டைப்பின் ஆண்டுக் கணக்கு உருவாகிறது. திறன் அணையில் குடியிருப்பதாகச் சொல்கிறோம். அது அந்தப் படுகை முழுவதிலும் பரவிக் கிடக்கிறது.

2021ஆம் ஆண்டு இதை எல்லாருக்கும் புரியும்படி எடுத்துக்காட்டியது. தென்கிழக்கு பிரேசிலில் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரேசிலின் தேசிய நீர் முகமை பரானா பகுதியில் நீர்ப்பற்றாக்குறை நெருக்கடி நிலவுவதாக அறிவித்தது. தீத்தே ஆற்றுக்கும் பரானாவுக்கும் இடையே தானியம் ஏற்றிச்சென்ற படகுப் போக்குவரத்து நின்றுபோனது. கீழே அர்ஜென்டினாவின் ரொசாரியோ துறைமுகத்தில் ஆறு முக்கால் நூற்றாண்டு காணாத அளவுக்குத் தாழ்ந்தது. கப்பல்கள் முழுச் சரக்கு ஏற்ற முடியவில்லை. இட்டைப்பு அந்த ஆண்டு தயாரித்தது 6,640 கோடி யூனிட். 2016ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிவு. எந்திரங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. அணையில் விரிசலும் இல்லை. சுவரில் 14,000 மெகாவாட் என்ற எழுத்தும் அப்படியேதான் இருந்தது.

அந்த 14,000 மெகாவாட்டே எப்படி வந்தது என்று பார்த்தால் இன்னொரு உண்மை வெளிப்படும். இட்டைப்பை எழுப்பும் ஒப்பந்தத்தில் பிரேசிலும் பராகுவேயும் 1973 ஏப்ரல் 26இல் கையெழுத்திட்டன. கீழே உள்ள அர்ஜென்டினாவுக்கு இது பெரும் கவலையைத் தந்தது. அதே ஆற்றில் கொர்ப்பூஸ் என்ற இடத்தில் அணை கட்ட அவர்களும் திட்டம் வைத்திருந்தார்கள். அந்த அணையின் நீர்மட்டம் உயர்ந்தால் இட்டைப்பில் நீர் விழும் உயரம் குறையும். இட்டைப்பு விருப்பம்போல் நீரைத் திறந்து மூடினால் கீழே கப்பல் போக்குவரத்தும் கரைகளும் பாதிக்கப்படும். ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்தபின் 1979 அக்டோபர் 19இல் மூன்று நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கொர்ப்பூஸ் அணையின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 105 மீட்டரைத் தாண்டக்கூடாது. மூன்று எல்லைகள் சந்திக்கும் இடத்தில் ஆற்றின் மட்டம் ஒரு மணி நேரத்தில் அரை மீட்டருக்கு மேலும் ஒரு நாளில் இரண்டு மீட்டருக்கு மேலும் ஏறவோ இறங்கவோ கூடாது. இட்டைப்பில் ஒரே நேரத்தில் ஓடும் எந்திரங்கள் பதினெட்டைத் தாண்டக்கூடாது. பிற்பாடு 2006, 2007ஆம் ஆண்டுகளில் பத்தொன்பதாவதும் இருபதாவதும் சேர்ந்தன. இரண்டு எந்திரங்கள் பராமரிப்பில் நின்றாலும் பதினெட்டு எப்போதும் ஓட வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். அப்படியானால் நிலையத்தின் இயங்குதிறன் 12,600 மெகாவாட்தான். அதற்கும் கீழே மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. பராமரிப்பு, நிலையத்தின் சொந்தத் தேவை எல்லாம் கழித்து இரு நாடுகளுக்கும் ஒப்பந்தப்படி விற்கக்கூடியதாகக் கணக்கிட்டது 12,135 மெகாவாட். மூன்றும் உண்மையான எண்கள். எந்திரத் தொழிற்சாலை தந்தது முதலாவது, அண்டை நாட்டோடு பேசி முடித்தது இரண்டாவது, மின்சாரத்தை வாங்குபவரின் கணக்கேட்டில் வருவது மூன்றாவது. மக்கள் காதில் விழுவதோ முதலாவது மட்டுமே.

கம்பியைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் நீர்மின்சாரம் பேசுவோர் பெரும்பாலும் அணையோடு நின்றுவிடுகிறார்கள். பிரேசிலின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; பராகுவேயின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தன் நாட்டு மின்னமைப்பை மாற்றிக்கொள்ளப் பராகுவே உடன்படவில்லை. ஆகவே பத்து எந்திரங்கள் 50 ஹெர்ட்சுக்கும் பத்து எந்திரங்கள் 60 ஹெர்ட்சுக்கும் அமைந்தன. முதல் வகை ஜெனரேட்டரில் 66 காந்தமுனைகள், இரண்டாம் வகையில் 78. சுழலும் வேகம் நிமிடத்துக்கு 90.9, 92.3 என்று ஒட்டியே இருக்கும். ஒரே கூடத்தில் வரிசையாக நிற்கும் எந்திரங்கள் இரு வேறு நாடித்துடிப்போடு இயங்குகின்றன. பராகுவேக்கு உரிய பாதியில் பெரும்பகுதியை அக்காலத்தில் அந்நாட்டால் பயன்படுத்த முடியவில்லை. மக்கள்தொகையும் தொழிலும் சிறியவை. மிஞ்சியது பிரேசிலுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்காக அந்த 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றி, 600 கிலோவோல்ட் அழுத்தத்தில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கொண்டுபோய், சாவ் பாவ்லோ அருகே மறுபடி 60 ஹெர்ட்ஸாக மாற்றுகிறார்கள். அக்காலத்தில் உலகில் இதற்கு நிகரான நேர்திசை மின்பாதை கிடையாது. பிரேசில் எந்திரங்களின் மின்சாரம் தனியே மாறுதிசைப் பாதைகளில் செல்கிறது. 2009 நவம்பர் 10 இரவு அந்தப் பாதைகளில் பழுது ஏற்பட்டபோது, வரலாற்றிலேயே முதன்முறையாக இட்டைப்பு முழுவதும் நின்றது. பிரேசிலின் பெருநகரங்களில் கோடிக்கணக்கானோர் இருளில் தவித்தார்கள். பராகுவேயும் சிறிது நேரம் இருண்டது. தேக்கத்தில் நீர் இருந்தது, எந்திரங்களும் நன்றாக இருந்தன. அனுப்ப வழியில்லாததால் திறன் பூச்சியமாயிற்று. பராகுவேயின் நிலை இதைவிட வருத்தமானது. ஏழாயிரம் மெகாவாட்டுக்கு உரிமை பெற்ற நாட்டின் தலைநகரான அசுன்சியோனில் மின்தடை சகஜமாக இருந்தது. இட்டைப்பிலிருந்து தலைநகருக்கு அருகிலுள்ள வில்யா ஹயேஸ் வரை 500 கிலோவோல்ட் பாதை முடிந்தது 2013இல்தான். முதல் எந்திரம் ஓடத் தொடங்கியதோ 1984 மே மாதத்தில். இருபத்தொன்பது ஆண்டுகள்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் மறுப்பு மூன்று பள்ளத்தாக்கு அணையை வடிவமைத்தவர்கள் தரப்பிலிருந்து வரும். அந்த அணையின் முதல் நோக்கம் வெள்ளத் தடுப்பு. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வருமுன் நீர்மட்டத்தை 145 மீட்டருக்கு இறக்கி, சுமார் 2,200 கோடி கனமீட்டர் வெள்ளத்துக்கு இடம் ஒதுக்கிவைக்கிறார்கள். மழைக்காலம் முடியும்போதுதான் 175 மீட்டருக்கு ஏற்றுகிறார்கள். அதனால் மின்னுற்பத்தி குறைந்தால் அதைக் குறையாகக் கொள்ளலாமா? கொள்ள முடியாது. யாங்சி வெள்ளத்தில் கடந்த நூற்றாண்டில் இலட்சக்கணக்கானோர் மாண்டிருக்கிறார்கள். அந்த உயிர்க்காப்புக்காக யூனிட்டுகளை விட்டுக்கொடுப்பது சரியான பேரம். ஆனால் பேரம் என்று ஒப்புக்கொண்டதும் என் வாதமும் நிலைபெற்றுவிடுகிறது. நீர் விழும் உயரமும் வெள்ளத்துக்கான வெற்றிடமும் ஒன்றோடொன்று மோதும் தேவைகள். 22,500 மெகாவாட்டையும் 2,200 கோடி கனமீட்டர் வெள்ளக் காப்பையும் ஒரே விளம்பரத்தில் அடுத்தடுத்து எழுதுகிறவர்கள், ஒன்றைப் பெற மற்றதில் எவ்வளவு இழக்கிறோம் என்பதையும் அதே இடத்தில் எழுதியிருக்க வேண்டும். 1992இல் சீனாவின் தேசிய மக்கள் பேராயத்தில் இத்திட்டம் வாக்குக்கு வந்தபோது, மறுப்பே எழாத அந்த மன்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எதிர்த்தோ விலகியோ நின்றதற்கு, பதில் கிடைக்காத இத்தகைய கேள்விகளும் காரணமாக இருந்தன என்றே கருதுகிறேன்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. மின்துறையில் பணிபுரிகிறவர்கள் எழுப்புவது. யூனிட் கணக்கு ஆண்டுக் கணக்கு. ஆனால் மின்னமைப்பு நொடிக்கு நொடி ஓடுவது. மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்கும் குளிர்சாதனமும் ஒரே நேரத்தில் இயங்கும்போது, சூரிய மின்சாரம் அடங்கிவிட்டபோது, சில நிமிடங்களில் கை கொடுக்கக்கூடியது நீர்மின் நிலையம்தான். அந்த நேரத்தில் மெகாவாட்டே பெரிது, யூனிட் இரண்டாம்பட்சம். இந்த வாதத்தில் பெரும் உண்மை இருக்கிறது. காற்றும் வெயிலும் பெருகப் பெருக இதன் மதிப்பு கூடும். ஆனாலும் உச்ச நேரத்தில் கை கொடுக்கும் மெகாவாட்டும் சுவரில் பொறித்த மெகாவாட்டும் ஒன்றாகிவிடாது. அந்த மாலையில் தேக்கத்தின் மட்டம் என்ன, எத்தனை மணி நேரத்துக்கு நீரைத் திறந்துவிடலாம், கீழே உள்ளவர்கள் எவ்வளவு ஏற்றத்தைப் பொறுப்பார்கள் என்பனதான் அதைத் தீர்மானிக்கும். 1979 உடன்பாட்டின் அரை மீட்டர், இரண்டு மீட்டர் வரம்புகள் இதற்காகவே எழுதப்பட்டவை. இட்டைப்பு மாலையில் திடீரென்று எல்லா மதகையும் எந்திரத்துக்குத் திறந்துவிட முடியாது. கீழே அர்ஜென்டினாவின் பொசாதாஸ் நகரம் வரை மீனவரும் படகுக்காரரும் வாழ்கிறார்கள். உச்ச நேரத் திறன் என்று ஒன்றைச் சொல்வதானால் அதையும் நாள், மாதம், நீர்மட்டத்தோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வறட்சி விதிவிலக்கு, நீண்டகாலச் சராசரியே உண்மை என்பது மூன்றாவது மறுப்பு. சராசரி பொய்யில்லை. ஆனால் மின்சாரம் வேண்டுபவர் சராசரி ஆண்டில் வாழவில்லை. 2001இல் பிரேசிலில் மழை குறைந்து தேக்கங்கள் வற்றியபோது, ஜூன் தொடங்கி அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை மின்பங்கீடு அமலில் இருந்தது. வீடுகள் தங்கள் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டு கழித்து 2021இல் பங்கீடு வரவில்லை, ஏனெனில் எரிவாயுவிலும் டீசலிலும் ஓடும் அனல் நிலையங்களை முழு மூச்சில் ஓட்டினார்கள். அதன் செலவை மீட்க ‘நீர்ப்பற்றாக்குறைக் கட்டணம்’ என்று செப்டம்பர் முதல் வீட்டு மின்கட்டணங்களில் ஏற்றினார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் அனல் நிலையம் பழுதானால் மற்றவை ஓடும். ஒரே படுகையில் மழை பொய்த்தால் அந்தப் படுகையின் அத்தனை அணைகளும் ஒரே நேரத்தில் நொடிக்கும். பத்து அணைகளின் மெகாவாட்டைக் கூட்டிப் பத்து மடங்கு பாதுகாப்பு என்று எண்ணுவது தவறான நம்பிக்கை. அங்கே நிற்பது ஒரே மழையை நம்பிய ஒரே நிலையம்.

அப்படியானால் நீ அணைகளுக்கு எதிரியா என்று கேட்கலாம். இல்லை. 2024 மார்ச் மாதத்துக்குள் இட்டைப்பு தொடக்கம் முதல் மூன்று இலட்சம் கோடி யூனிட் மின்சாரம் தந்துவிட்டது. உலகில் வேறெந்த மின் நிலையமும் இதுவரை அவ்வளவு தந்ததில்லை. அதை நிலக்கரியில் எடுத்திருந்தால் காற்று எவ்வளவு கெட்டிருக்கும் என்பதை நினைத்தால், அந்த எந்திரங்களின் மேல் மதிப்பே வருகிறது. என் வருத்தம் கணக்கு எழுதப்பட்ட விதத்தில். வரவுப் பக்கத்தில் பெரிய எண் ஒன்று. செலவுப் பக்கத்தில் எண்ணே இல்லாத பலவும். பரானாவில் குவாயிரா அருகே ஏழு தொகுதிகளாக விழுந்த அருவிகள் இருந்தன. உலகிலேயே மிகுதியான நீர் விழுந்த அருவிகளில் ஒன்று. அந்த அருவியிலும் அதன் கீழிருந்த குறுகிய பள்ளத்தாக்கிலும் ஆறு தானாக இறங்கிய உயரம்தான் இன்று டர்பைனுக்குக் கிடைக்கும் 118 மீட்டர். அருவி அழிந்தது ஏதோ பக்க விளைவு என்று சொல்ல முடியாது. அதன் உயரத்தையே எடுத்து மின்சாரமாக்கினோம். 1982 ஜனவரியில் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கூடிய கூட்டத்தின் எடை தாங்காமல் அங்கிருந்த தொங்குபாலம் அறுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 13இல் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். பதினான்கு நாளில் தேக்கம் நிரம்பியது. பிரேசில் கரையில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் இடம் பெயர்ந்தார்கள். அவா குவாரானி பழங்குடியினரின் ஊர்களும் புதைமேடுகளும் நீருக்குள் போயின. அவர்களில் பலருக்கு நிலவுரிமை ஆவணம் இல்லை என்ற காரணத்தாலேயே இழப்பீட்டுக் கணக்கில் அவர்கள் இடம்பெறவில்லை. அவர்களுக்கு 3,000 ஹெக்டேர் நிலம் வாங்கித் தரவும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கவும் உடன்பாடு ஏற்பட்டது 2025இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இரு நாடுகளிலும் இராணுவ ஆட்சி. கேள்வி கேட்கும் மன்றமும் பத்திரிகையும் இருந்திருந்தால் அணை வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அருவி, ஊர், மெகாவாட், வறண்ட ஆண்டின் யூனிட் ஆகிய நான்கும் ஒரே தாளில் எழுதப்பட்டு விவாதம் நடந்திருக்கும்.

ஒரு நிலையத்தின் திறனை எந்த எண்ணால் சொல்கிறோம் என்பதில் பணமும் இருக்கிறது. 1973 ஒப்பந்தத்தின் மூன்றாவது இணைப்பு இட்டைப்பு மின்சாரத்தின் விலையை வகுக்கிறது. அது யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை சொல்வதில்லை. வாங்குபவர் ஒப்புக்கொண்ட திறனுக்கு, மாதத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு இத்தனை டாலர் என்றே கணக்கு. கடன் கொடுத்தவர்களுக்கு அது பாதுகாப்பு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தவணை வந்துவிடும். அந்தக் கடன் 2023 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆனால் வாங்குபவரின் பக்கம் நின்று பாருங்கள். நிலையம் உறுதியளிக்கும் மின்சாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,500 கோடி யூனிட். அதற்கு மேல் வருவது கூடுதல் வரவு. 2016இல் கூடுதல் வரவு பெரிது. 2021இல் உறுதியளித்ததே வரவில்லை, கிலோவாட்டுக்கான கட்டணமோ குறையவில்லை. வறட்சியின் இழப்பை யார் சுமப்பது என்பதை இந்த அளவுகோலே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டது. பராகுவே பக்கம் வேறொரு குறை. தன் பாதியில் தான் பயன்படுத்தாததைப் பிரேசிலுக்கு மட்டுமே தர வேண்டும். அதற்குக் கிடைத்த ஈட்டுத்தொகை மிகச் சிறியது. 2009 ஜூலையில் பிரேசில் அதிபர் லூலாவும் பராகுவே அதிபர் லூகோவும் பேசி அதை ஆண்டுக்கு 12 கோடி டாலரிலிருந்து 36 கோடி டாலராக மூன்று மடங்காக்க ஒப்புக்கொண்டார்கள். 2024 மே மாதத்தில் கிலோவாட்டுக்கு மாதம் 19.28 டாலர் என்று மூன்றாண்டுக்கு விலை வைத்தார்கள். மூன்றாவது இணைப்பு முழுவதையும் திருத்தும் பேச்சுவார்த்தையில் இரு நாடுகளும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மெகாவாட்டை விற்பதா, வந்த மின்சாரத்தை விற்பதா என்பதை.

கடைசியாக, நமக்கு அருகிலுள்ள ஒன்று. திபெத்தில், பிரம்மபுத்திராவின் மேல்பகுதியான யார்லுங் சாங்போ ஆறு பெரிய வளைவில் திரும்பி இந்தியாவுக்குள் இறங்குமுன், மேடோக் பகுதியில் சீனா 2025 ஜூலையில் பெரும் நீர்மின் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. செய்திகளில் அடிபடும் எண் 60,000 மெகாவாட். ஆண்டுக்கு 30,000 கோடி யூனிட் எதிர்பார்ப்பு. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் எந்திரங்கள் தம் பலத்தில் 57 விழுக்காடு ஓடும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. அது மூன்று பள்ளத்தாக்கு அணையின் சாதனை ஆண்டுக்கு நிகரான விகிதம். மேலே பெரிய தேக்கங்கள் இல்லாமல் அது கிடைக்குமா, கிடைக்க வேண்டுமென்றால் எத்தனை தேக்கங்கள் எங்கே வரும், அவை நிரம்பும் மாதங்களில் அருணாசலத்திலும் அசாமிலும் வங்கதேசத்திலும் பிரம்மபுத்திராவில் வினாடிக்கு எத்தனை கனமீட்டர் ஓடும், ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு மாறலாம்? பரானாவின் கீழ்ப்பகுதியில் இருந்த அர்ஜென்டினா இத்தகைய கேள்விகளை 1979க்குள் எழுப்பி, விடைகளை மீட்டரில் எழுதி வாங்கியது. முதல் எந்திரம் ஓடியது அதன் பிறகு ஐந்து ஆண்டு கழித்து. பிரம்மபுத்திராவில் கட்டுமான வேலை தொடங்கிவிட்டது. மீட்டர் கணக்கு எழுதிய தாள் எதுவும் இன்னும் மேசைக்கு வரவில்லை.